பாதி மூட்டை பயிருக்கு, மீதி காற்றுக்கு: யூரியா இழப்பைத் தடுக்க வேம்பு மட்டும் போதுமா?

புது தில்லி: நாட்டின் வயல்களில் ஆண்டுதோறும் சுமார் 350 லட்சம் டன் யூரியா இடப்படுகிறது. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கும் மேல் பயிரைச் சென்றடைவதில்லை என்று வேளாண் விஞ்ஞானிகள் நெடுங்காலமாகவே எச்சரித்து வருகின்றனர்.

45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து. இதில் நெற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவீதம். அதாவது 6 முதல் 8 கிலோ மட்டுமே. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் கலக்கிறது. கணிசமான பகுதி வாயுவாக வெளியேறிவிடுகிறது.

இரு வழி இழப்பு

மண்ணிலுள்ள யூரியேஸ் என்னும் நொதி, யூரியாவைச் சில நாள்களிலேயே அமோனியமாக மாற்றிவிடுகிறது. தேங்கிய நீரில் உரம் தூவப்பட்டால், அந்நீரிலுள்ள பாசி பகலில் கரியமில வாயுவை ஈர்ப்பதால் காரத்தன்மை உயர்கிறது; அமோனியம், அமோனியா வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. பஞ்சாப், ஹரியாணாவின் கார மண்ணில் இந்த இழப்பு மேலும் கூடுகிறது.

இரண்டாவது இழப்புக்கு நுண்ணுயிர்களே காரணம். வயல் காயும்போது அமோனியம் நைட்ரேட்டாகிறது. மீண்டும் நீர் தேங்கியதும் வேறு வகை நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேற்றுகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது.

வேம்பின் எல்லை

யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதை மத்திய அரசு 2015-ல் கட்டாயமாக்கியது. தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் வேம்பின் இப்பண்பைப் பல ஆண்டுகள் ஆய்வு செய்துள்ளது. அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதை வேம்பு தாமதப்படுத்துவதால் இரண்டாவது வழி இழப்பு குறைகிறது. ஆனால் அமோனியாவாக வெளியேறுவதை அது பெரிதாகத் தடுப்பதில்லை.

இதன் விளைவு வயலோடு நின்றுவிடுவதில்லை. உலகிலேயே அமோனியா மிகுந்த பகுதிகளுள் சிந்து - கங்கைச் சமவெளியும் ஒன்று என செயற்கைக்கோள் பதிவுகள் காட்டுகின்றன. வாகனங்களும் அனல் மின் நிலையங்களும் வெளியிடும் வாயுக்களுடன் அமோனியா சேர்ந்து, நுரையீரலில் படியும் நுண்துகள்களாகிறது. தலைநகரின் மாசுக்கு இதுவும் ஒரு காரணம்.

விலையும் விளைவும்

2010-ல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது, மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்கள் அதில் சேர்க்கப்பட்டன, யூரியா விடப்பட்டது. மூட்டையின் எடை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டபோது, வரி நீங்கலாக அதன் விலை 242 ரூபாய். மலிவாகக் கிடைப்பதால் தேவைக்கு மேல் இடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. 2022-23-ல் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. காற்றில் கலப்பதில் அரசுப் பணமும் அடங்கியுள்ளது.

இழப்பைக் குறைக்கும் வழிகள் செலவு மிக்கவை அல்ல. யூரியாவை ஒரே முறையில் இடாமல் பிரித்து இடலாம். நெல் வயலில் நீரை வடித்த பின் இட்டு, பிறகு நீர் கட்டலாம். கோதுமைக்குப் பாசனத்துக்குச் சற்று முன் இட்டால் நீரோடு உரமும் மண்ணுக்குள் இறங்கும். இலை வண்ண அட்டையோடு பயிரின் பசுமையை ஒப்பிட்டு, தேவையானபோது மட்டும் மேலுரம் இடலாம். உரத்தை உற்பத்தி செய்வதிலும் இறக்குமதி செய்வதிலும் காட்டும் அக்கறையை, இம்முறைகளைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்வதிலும் அரசு காட்டினால், ஒரு மூட்டை கூடுதலாக வாங்காமலேயே விளைச்சலைக் காக்க முடியும்.