சேற்றில் நிற்பவரைத் தேடும் எலிக்காய்ச்சல்

நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், 'குனிந்து வேலை பார்த்த அலுப்பு' என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம்.

இதற்குக் காரணம் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா. எலியின் சிறுநீரில் வெளியேறும் இக்கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் இருக்கலாம். வெட்டுக்காயம், சேற்றுப்புண், நீரில் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் வழியாக உடலில் நுழையும். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. எனவே நோயாளியை ஒதுக்க வேண்டாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

* நாள் முழுவதும் சேற்றில் நிற்கும் நடவு, களையெடுப்புப் பெண்கள்
* வரப்பு வெட்டுவோர், வாய்க்கால் தூர்வாருவோர்
* வயலில் எலி பிடிப்போர்
* மாட்டுக் கொட்டகை, பன்றிப் பண்ணையில் வேலை செய்வோர்
* வெள்ள நீரில் இறங்குவோர்

இவர்களில் காலில் புண், பித்தவெடிப்பு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நல்ல உடல்வலு உள்ள இளைஞருக்கும் இந்நோய் வரும்.

அறிகுறிகள்

கிருமி நுழைந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தோன்றும். மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம் ஆகியவை உயிருக்கே ஆபத்தான நிலையைக் காட்டும். தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். 'வயல் சேற்றில் வேலை செய்தேன்' என்று மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். டெங்கு போலவே தொடங்கும் இந்நோயைச் சந்தேகிக்க அந்த ஒரு தகவல் உதவும். தொடக்கத்திலேயே வந்தால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும்.

வயலில் செய்ய வேண்டியவை

புண் இருந்தால் நீர் புகாத பிளாஸ்திரி ஒட்டியபின் இறங்குங்கள். ஆறும்வரை கரை வேலை பார்ப்பது இன்னும் நல்லது. தூர்வாரும்போது பூட்ஸ், கையுறை அணியுங்கள். வாய்க்கால் நீரில் முகம் கழுவ வேண்டாம். கரையேறியதும் சுத்தமான நீரில் சோப்புப் போட்டுக் கை, கால் கழுவுங்கள். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

வரப்பைக் குறுகலாக அமைத்து, களையின்றி வைத்தால் எலி வளை குறையும். தஞ்சாவூர் கிட்டி வைப்பதையும் ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயல் எலி வந்துவிடும்.

விரிவாக்கப் பணியாளர்கள் எலி ஒழிப்புப் பயிற்சிக்கு நில உரிமையாளர்களோடு நடவுப் பெண்களையும் அழைக்க வேண்டும். சேற்றில் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான்.