காம்பு சொல்லும், தட்டை சொல்லாது

பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை நாற்றுப் பண்ணைக்குப் போனால் கன்றின் உயரத்தைப் பார்க்காதீர்கள். மட்டைக் காம்பைப் பாருங்கள். குட்டை–நெட்டை வீரிய ஒட்டுக்குப் பெரும்பாலும் சாவக்காடு ஆரஞ்சுக் குட்டைதான் தாய். அதன் பாளையில் ஆண் பூக்களைக் கிள்ளிவிட்டு, நெட்டை மரத்து மகரந்தத்தைத் தூவுவார்கள். வேலை சரியாக நடந்திருந்தால் கன்றின் காம்பு பச்சை கலந்த பழுப்பில் வரும். தப்பித்தவறித் தன் மகரந்தமே விழுந்திருந்தால் தாயைப் போலவே ஆரஞ்சில் நிற்கும். அதைக் கழித்துவிட வேண்டும். ஐந்து மாதத்தில் முளைக்காத காயும் அப்படியே. வாங்குகிறவருக்குக் கண் இருந்தால் போதும்.

தெற்கே வந்து கம்பமெட்டு ஏறினால் அந்தச் சௌகரியம் கிடையாது. இடுக்கி மலையில் கட்டப்பனை, வண்டன்மேட்டில் விற்பது ஏல நாற்று.

ஏலப்பூவில் தேனீதான் மகரந்தம் சேர்க்கிறது. எந்தச் செடியிலிருந்து கொண்டுவந்ததோ, யாருக்குத் தெரியும்? விதைநாற்று தாயைப் போல இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. தவிர, ஏலவிதை நாள்பட்டால் முளைக்காது, தோலும் கடினம். நீர்த்த அமிலத்தில் சில நிமிடம் ஊறவைத்து, கழுவி, நிழல் மேடையில் விதைக்க வேண்டும். நடவுக்குத் தயாராக ஒரு வருடமாவது ஆகும்.

அதனால் கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' போன்ற ரகங்களைத் தட்டையாகவே, அதாவது கிழங்கோடு பிரித்த தண்டாகவே, பெருக்குகிறார்கள். ஒன்றரை அடி ஆழக் குழியில் மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, முற்றிய தட்டை ஒன்றை இளங்குருத்தோடு பிரித்து வைத்தால், நன்றாகப் பராமரிக்கிற இடத்தில் ஒரே வருடத்தில் முப்பதுக்கும் மேல் கிடைக்கும். அத்தனையும் தாயின் அச்சு. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: அசுவினி பரப்பும் 'கட்டே' நோயின் வைரஸ் விதை வழியாகப் போகாது, கிழங்கு வழியாகப் போகும். விதையில் குணம் உறுதியில்லை, தட்டையில் ஆரோக்கியம் உறுதியில்லை. இரண்டையும் நாற்றின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சந்தை இதைவிட மோசமான ஜோசியம். 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏலச் சந்தையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த மாதிரி நேரத்தில்தான் நாற்றுக்குக் கூட்டம் கூடும். ஆனால் நட்ட செடி காய்க்க இரண்டு மூன்று வருடம் வேண்டுமே! 2022இல் காய் பறித்தவர்கள் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே விற்றார்கள். நாற்று விற்றவர் தன் காசை முன்பே எண்ணியிருப்பார். அவருக்கு நஷ்டம், அடுத்த வருடம் ஆள் வராதது மட்டும். 2024 கோடையில் இடுக்கியில் தோட்டம் தோட்டமாக ஏலம் காய்ந்து, மறுநடவுத் தேவை திரும்பியது. நாற்றுத் தொழில் விலையேற்றத்தில் மட்டுமல்ல, வறட்சியிலும் பிழைக்கிறது. கொஞ்சம் சங்கடமான உண்மை.

வாங்க நினைப்பவர் நடவு நேரத்தில் பண்ணைக்குப் போவதைவிட, முந்தைய செப்டம்பர், அக்டோபரில் தாய்த்தூர் நிற்கும் தோட்டத்துக்குப் போவது நல்லது. சரத்தில் காய் இருக்கும், இலையில் கட்டே நோயின் வெளிறிய கோடு இருந்தால் அதுவும் தெரியும்.