ஏரியில் மிதக்கும் மலை

குழந்தைகளே, ஏரித் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கும்? வானம் தெளிவாக இருந்தால் நீலம், மேகம் மூடினால் சாம்பல், பாசி படர்ந்தால் பச்சை என்று சொல்வீர்கள். கனடா நாட்டின் ராக்கி மலைகளில் லூயிஸ் என்றோர் ஏரி இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதன் தண்ணீர் பச்சை கலந்த வெளிர்நீலமாக இருக்கும். மேகம் மூடிய நாளிலும் அந்த நிறம் போய்விடாது. கையில் அள்ளிப் பார்த்தாலோ நீலத்தைக் காணோம்! அப்படியானால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது?

விடை தேட ஆய்வுக்கூடம் வேண்டாம். அப்பா அம்மாவின் கையைப் பிடித்து நடக்கத் தெரிந்தால் போதும். விடையின் துண்டுகள் அந்த ஏரியைச் சுற்றிய நடைபாதைகளிலேயே கிடக்கின்றன. வாருங்கள், பொறுக்கிக்கொண்டு வருவோம்.

முதல் துண்டு: ஏரியின் மறுமுனை

லூயிஸ் ஏரி இருப்பது பான்ஃப் தேசியப் பூங்காவில். 1885-இல் தொடக்கம் கண்ட இதுதான் கனடாவின் முதல் தேசியப் பூங்கா. ஏரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 2 கிலோமீட்டர், ஆழம் சுமார் 70 மீட்டர். இந்தக் கரையில் நின்று பார்த்தால், எதிர்முனையில் 3,464 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா மலையும் அதன்மேல் படர்ந்திருக்கும் பனியாறும் தெரியும்.

பனியாறு என்றால் என்ன? குளிர்காலத்தில் பெய்த பனி கோடையில் முழுவதும் உருகாமல் மிஞ்சுகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டுப் பனி விழுகிறது. இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த பனி, தன் எடையாலேயே அழுந்திக் கெட்டிப்பட்டு, சரிவில் மெல்ல மெல்லக் கீழே நகர்கிறது. அதுதான் பனியாறு.

'ஊட்டி இந்த ஏரியைவிட உயரமாயிற்றே, அங்கே ஏன் பனியாறு இல்லை?' என்று யாரோ கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கிறது; பான்ஃப் 51 டிகிரி வடக்கே. அங்கே சூரிய ஒளி சாய்வாக விழுவதால், அதே அளவு வெயில் அதிக நிலப்பரப்பில் பரவி வலுக்குறைந்துவிடுகிறது. குளிருக்கு உயரம் மட்டும் காரணமில்லை. பூமிப்பந்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதும் காரணம்.

ஏரிக்கரையை ஒட்டிச் செல்லும் பாதை சமதளமானது. கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கிற பெற்றோரையும் அங்கே பார்க்கலாம். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் மறுமுனை வந்துவிடும். அங்கே பனியாற்றிலிருந்து ஓர் ஓடை இறங்கி ஏரியில் கலக்கிறது. ஓடை நீர் கலங்கலாக, வெளுத்துப்போய் வருகிறது. கரையில் சாம்பல்நிறச் சேறு பரந்து கிடக்கிறது. அதில் துளி எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மணல் நெருடுகிற மாதிரி நெருடாது, வழவழவென்று வழுக்கும்.

அதுதான் நாம் தேடிவந்த முதல் துண்டு. அதன் பெயர் பாறை மாவு.

பனியாற்றின் அடியில் கற்கள் சிக்கி உறைந்திருக்கும். மேலே பல மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி அழுத்த, அந்தக் கற்கள் தரைப்பாறையை உப்புத்தாள் போலத் தேய்த்துக்கொண்டே நகரும். தேய்ந்து உதிர்வதுதான் இந்த மாவு. இதன் துகள்கள் நம் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை. கனமான துகள்கள் ஓடை ஏரியைத் தொடும் இடத்திலேயே படிந்துவிடுகின்றன. மிகச் சிறியவை அடியில் போய்ச் சேர நெடுநேரம் பிடிக்கிறது. அதனால் கோடை முழுவதும் ஏரியெங்கும் மிதந்துகொண்டிருக்கின்றன.

இனி வெயில் செய்யும் வேலை. சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் இருக்கின்றன. தண்ணீருக்குள் போகும்போது சிவப்பு ஒளியைத் தண்ணீர் விரைவில் உறிஞ்சிக்கொள்ளும். நீலமும் பச்சையும் இன்னும் ஆழத்துக்குப் போகும். வழியில் பாறை மாவுத் துகள்கள் குறுக்கிட்டு அவற்றைச் சிதறடித்து மேல்நோக்கித் திருப்பிவிடுகின்றன. அந்த ஒளிதான் நம் கண்ணுக்கு வருகிறது. கையளவு தண்ணீரில் இது நடக்க இடம் போதாது, ஆழம் வேண்டும்.

இரண்டாம் துண்டு: மேலே ஒரு சின்ன ஏரி

'வானத்தின் நிறம்தான் ஏரியில் தெரிகிறது' என்று ஒருவர் வாதாடினால் என்ன சொல்வீர்கள்? சோதித்துப் பார்த்துவிடலாம். லூயிஸ் கரையிலிருந்து காட்டுக்குள் ஏறும் பாதை ஒன்று உண்டு. சுமார் மூன்றரை கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ 400 மீட்டர் ஏற்றம். எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்து ஏறிவிடுவார்கள். முடிவில் ஆக்னெஸ் என்ற ஏரியும், 1905 முதல் நடந்து வருகிறவர்களுக்குத் தேநீர் தரும் மரவீட்டுக் கடையும் இருக்கின்றன.

நமக்கு வேண்டியது பாதி வழியைத் தாண்டியதும் வரும் கண்ணாடி ஏரி என்ற குட்டி ஏரி. அதன் தலைக்குமேலும் அதே வானம், அதே வெயில்தான். ஆனால் அங்கே லூயிஸின் வெளிர்நீலம் இல்லை. ஏன்? பனியாற்றின் ஓடை அந்த ஏரிக்கு வருவதில்லை. ஆகவே பாறை மாவும் வருவதில்லை. வானம் ஒன்று, நிறம் வேறு. வாதம் தீர்ந்தது!

இன்னொரு சான்றும் உண்டு. ஜூன் தொடக்கத்தில், ஏரிமேல் உறைந்த பனிக்கட்டி உருகியவுடன் வந்து பார்த்தால், லூயிஸின் நிறம் இவ்வளவு வெளுத்திருக்காது. கோடை ஏற ஏற, பனியாறு உருகி ஓடையில் மாவு வந்து சேரச் சேர, நிறமும் கூடுகிறது.

ஏறும்போது உங்கள் உடம்பையும் கவனியுங்கள். மூச்சு வழக்கத்தைவிட வாங்கும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. ஆகவே அவசரம் வேண்டாம். குழுவில் மிகச் சிறிய பிள்ளையின் நடைதான் எல்லாருடைய நடையாக இருக்க வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். 400 மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். பையில் ஏன் ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்பது புரிந்துவிடும்.

மூன்றாம் துண்டு: யார் போட்ட கற்கள்?

பனியாறு மாவோடு கற்களையும் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் கற்களைத் தேடி இன்னோர் ஏரிக்குப் போவோம். லூயிஸ் ஏரியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில் மொரேன் ஏரி இருக்கிறது. அதன் வாயிலில் பெரும் பாறைகள் குவிந்து கிடக்கின்றன. படிகள் இருப்பதால் சின்னப் பிள்ளைகளும் உச்சிவரை ஏறலாம். 1899-இல் வால்டர் வில்காக்ஸ் என்பவர் இந்த ஏரியைப் பார்த்தார். பனியாறு தள்ளிவந்து போட்ட கற்குவியலுக்குப் புவியியலில் மொரேன் என்று பெயர். இதுவும் அப்படிப்பட்ட குவியல்தான் என்று எண்ணி அவர் ஏரிக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

பின்னால் வந்த புவியியலாளர்கள் பலருக்கு அதில் ஐயம் வந்தது. பனியாறு கொண்டுவந்த குவியலில் மாவு, கூழாங்கல், பெரும்பாறை எல்லாம் கலந்து கிடக்கும். கற்களின் முனைகள் மழுங்கியிருக்கும். இங்கேயோ கூர்முனை மழுங்காத பெரிய பெரிய பாறைகள். பக்கத்து மலைச்சரிவு உடைந்து விழுந்த கற்களாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். பெயர் மாறவில்லை, கருத்து மாறிவிட்டது. புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வதுதான் அறிவியலின் பலம்.

அந்தப் பாறைகளில் சிலவற்றின் முகத்தில் வரிவரியாக அலைத்தடம் தெரியும். 50 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத கடலின் அடிமணலில் தண்ணீர் வரைந்த கோடுகள் அவை. அந்த மணல் இறுகிக் கல்லாகி, பின் மலையாக உயர்ந்துவிட்டது. விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஆனால் ஒரு சின்னக் கல்லைக்கூடப் பையில் போடக்கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து கல்லோ பூவோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம்.

காடு யாருடைய வீடு?

இங்கே கரடிகள் உண்டு. அதனால் குடும்பங்கள் கூட்டமாக, பேசிக்கொண்டே நடக்கும். மனிதக் குரல் கேட்டால் கரடி பெரும்பாலும் தானே விலகிப் போய்விடும். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் ஆபத்து. கரடியைக் கண்டால் 100 மீட்டர், மான் வகைகளைக் கண்டால் 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அணில்கள் காலடிக்கே வந்து கையேந்தும். பிஸ்கட் கொடுக்காதீர்கள். நம் தீனிக்குப் பழகிய விலங்கு தானாக இரை தேடுவதை விட்டுவிடும். மனிதரை அண்டி வந்து ஆபத்திலும் மாட்டிக்கொள்ளும்.

செய்து பாருங்கள்

1. ஒரு பாட்டிலில் மணலும் குளத்துச் சேறும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எது முதலில் படிகிறது? மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா?

2. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பால் விடுங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீரில் லேசான நீலம் தெரியும். டம்ளருக்கு அப்பால் வெள்ளைத்தாளைப் பிடித்தால் அதில் விழும் வெளிச்சம் சற்று மஞ்சளாக இருக்கும். பாலின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதே காரணம்.

பூமி சூடாகச் சூடாக ராக்கி மலைகளின் பனியாறுகள் சுருங்கி வருகின்றன. பனியாறு இல்லையென்றால் பாறை மாவு இல்லை. பாறை மாவு இல்லையென்றால் அந்த வெளிர்நீலமும் இல்லை. ஓர் ஏரியின் நிறத்தைக் காப்பதற்கும் பூமியின் சூட்டைக் குறைத்தே ஆக வேண்டும்.

நீங்கள் எந்த மலைக்குப் போனாலும் பாதையோரக் கல்லைப் பார்த்து, 'உன்னை இங்கே கொண்டுவந்தது யார்? ஆறா, பனியா, சரிவா?' என்று கேளுங்கள். கண்ட சான்றுகளை நோட்டில் குறித்துக்கொண்டு, உங்கள் முடிவைக் காரணத்தோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.