கால்வாய் நகரங்களைக் காணப் புறப்படுவோமா?

எங்கள் ஜலகண்டாபுரம் பகுதியில் கால்வாய் என்றதும் மேட்டூர்க் கால்வாய்களே நினைவுக்கு வரும். அணையில் மதகைத் திறந்தால் நீர் ஓடும். அடைத்தால் சில நாட்களில் தரை தெரியும். ஆனால் ஆண்டு முழுவதும் நீர் நிறைந்த கால்வாய்களைக் கொண்ட நகரங்களும் உண்டு. இத்தாலியின் வெனிஸ், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் ஆகியவற்றை அறிவீர்கள். இரண்டிலும் ரயிலை விட்டு இறங்கி நிலையத்துக்கு வெளியே வந்தாலே நீர்தான். அவ்வளவு தொலைவு போக இயலாதவர்கள் சேலம் சந்திப்பில் ரயில் ஏறி, ஆலப்புழைக்கோ சென்னைக்கோ செல்லலாம்.

எந்த நகரைத் தேர்ந்தெடுப்பது? அழகைப் பற்றி வழிகாட்டி நூல்கள் கூறும். பௌதிகம் படிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த நீரை நகர்த்துவது எது?

நீர் ஏன் நகர வேண்டும்?

கழிவுகளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைச் செலவிடுகின்றன. அது தீர்ந்துவிட்டால், ஆக்ஸிஜன் இன்றி வாழும் வேறு நுண்ணுயிரிகள் பெருகி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியிடும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. வெப்பம் மிகுந்தால் நீரில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் கரையும்; 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். ஆகவே, நம் நாட்டுக் கால்வாய்க்குப் புதுநீர் இன்னும் அதிகம் தேவை.

மூன்று வழிகள்

வெனிஸில் இந்த வேலையைச் சந்திரன் செய்கிறது. நகரைச் சூழ்ந்த காயல் மூன்று வாய்கள் வழியாக ஏட்ரியாடிக் கடலுடன் இணைந்துள்ளது. சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை கடல் ஏறி இறங்கும்போது கால்வாய் நீரும் மாறுகிறது. வீட்டுக் கழிவுநீரில் ஒரு பகுதி இன்றும் அக்கால்வாய்களில் கலந்தபோதிலும், நகரம் தாங்குவது இதனால்தான்.

ஆம்ஸ்டர்டாமுக்கு அந்த வசதி இல்லை. 1932-ல் கடலின் ஒரு பெரும் பகுதியை அணையிட்டு ஏரியாக்கினார்கள். எனவே, வாரத்தில் சில இரவுகள் நகர மதகுகளை அடைத்து, கிழக்கே உள்ள ஏரி நீரைக் கால்வாய்களுக்குள் செலுத்துகிறார்கள்.

ஆலப்புழையில் சிக்கல் நுட்பமானது. அருகிலுள்ள குட்டநாட்டில் கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களில் நெல் விளைகிறது. உப்புநீர் அங்கே ஏறாதிருக்க, வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டினார்கள். கோடையில் அதை அடைத்தால் நெல் பிழைக்கும். ஆனால் காயல் நீர் தேங்கி, ஆகாயத்தாமரை பெருகும். உப்புநீர் பட்டால் மடியும் செடி அது. ஒரு கதவு, இரண்டு விளைவுகள்!

சென்னையின் பாடம்

சென்னையில் பக்கிங்காம் கால்வாய் உள்ளது. 1806-ல் தொடங்கப்பட்ட இதில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகப் பசித்த மக்களால் வெட்டப்பட்டது. 1995-ல் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் பல இடங்களில் இக்கால்வாயிலேயே நிற்கின்றன. சன்னல் வழியே பாருங்கள். கீழே நீர் கறுத்துத் தேங்கியிருக்கும்.

வியப்பு என்னவென்றால், பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சென்னைக் கடலும் வெனிஸைப் போலவே சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்குகிறது. அப்படியிருந்தும் பயனில்லை. அலைகள் கரையோரமாக வடக்கே தள்ளிச் செல்லும் மணல், கூவம், அடையாறு முகத்துவாரங்களை அடைத்துவிடுகிறது. சந்திரன் தன் வேலையைச் செய்கிறது, கதவுதான் மூடியிருக்கிறது. இத்துடன் கழிவுநீரும் ஆக்கிரமிப்பும் சேர்ந்தன. மழைக்காலத்தில் வெள்ளம் வடிய வழியின்றித் தெருக்களுக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களே அளந்து பாருங்கள்

எந்த நகருக்குப் போனாலும் ஒரு கைக்கடிகாரம் போதும். பாலத்தின் மேலிருந்தோ கரையிலிருந்தோ ஒரு காய்ந்த இலையை நீரில் விடுங்கள். பத்து மீட்டர் செல்ல 20 விநாடி ஆனால், மேற்பரப்பு வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அடியிலும் ஓரத்திலும் உராய்வு இருப்பதால், இதை 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம் ஏறக்குறையக் கிடைக்கும். காற்றில்லாத வேளையில் அளப்பது நல்லது. நீரில் இறங்க வேண்டாம். மேட்டூர்க் கால்வாயில் நீர் திறக்கும்போது இதே சோதனையைச் செய்து ஒப்பிடுங்கள்.

இலை நகர்ந்தால் அந்தக் கால்வாய் உயிரோடு இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றால், அடைபட்ட கதவு எங்கே என்று தேடுங்கள். ஊர்ப் பயணத்தில் காண வேண்டிய காட்சிகளுள் அதுவும் ஒன்று.