பெங்களூரில் வீழ்ந்த ஏர்பஸ்

1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி பகல் ஒரு மணிக்குச் சற்றுப் பின்னர், பம்பாயிலிருந்து 146 பேருடன் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், வானம் தெளிந்திருக்க, ஓடுபாதையும் கண்ணுக்கு நன்கு புலப்பட்டிருக்க, பெங்களூர் எச்.ஏ.எல். விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 700 மீட்டர் முன்பாகவே கோல்ஃப் மைதானத்தில் தரையைத் தொட்டு, துள்ளி எழுந்து, மண்கரையில் மோதி, அப்பால் விழுந்து தீப்பற்றியது. 92 பேர் மாண்டனர். புயல் இல்லை, என்ஜின்கள் இரண்டும் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்தன, விமானமோ சேவைக்கு வந்து நெடுநாளாகாத புத்தம்புதிய ஏ320.

இறங்கும் விமானத்துக்கு வேகமே பிராணன். வேகம் குறையக் குறைய, அதே பாரத்தைத் தாங்க மூக்கை மேலும் உயர்த்த வேண்டும்; மூக்கு உயர்ந்தால் காற்றின் தடை வளரும்; தடை வளர்ந்தால் வேகம் இன்னும் குறையும். இந்தத் தொடரை அறுக்க வல்லது என்ஜினின் உந்துவிசைதான். ஏ320-இல் அதைக் கணினியே கூட்டவும் குறைக்கவும் செய்யும். ஆனால், நிமிஷத்துக்கு இத்தனை அடி இறங்கு என்று விமானி பணித்தால் வேகத்தைக் காக்கும் பொறுப்பை என்ஜின்கள் ஏற்கும். இந்த உயரத்துக்கு இறங்கு என்று பணித்தாலோ அவை ‘ஐடில்’ என்னும் மிகக் குறைந்த விசைநிலையில் அடங்கிவிடும். மூக்கின் சாய்வைக் கொண்டே வேகத்தைப் பேணியாக வேண்டும்.

இவ்விரு கட்டளைகளுக்குமான குமிழ்கள், விமானிகளின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரே பலகையில் அமைந்தவை. நிமிஷத்துக்கு 700 அடி என்ற விகிதத்தை நாடிய வேளையில் கை உயரத்துக்கான குமிழைத் திருப்பியிருக்கக்கூடும் என்பது, நீதிபதி கே. சிவசங்கர பட் தலைமையில் நடந்த விசாரணையில் வெளிப்பட்ட ஊகம். பெங்களூரின் நிலமே கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,900 அடியில் இருக்கிறது. அப்படியானால் 700 அடி என்பது பூமிக்குள் வெகு ஆழத்திலுள்ள இடம். யந்திரம் ஆட்சேபிக்கவில்லை. என்ஜின்களை ஐடிலுக்குக் கொண்டுபோய், பணிந்து இறங்கலாயிற்று.

அப்போதும் மீளும் வழி இருந்தது. இரு விமானிகளுக்கும் தனித்தனியே உள்ள ‘பிளைட் டைரக்டர்’ என்னும் வழிகாட்டிகள் இரண்டையும் அணைத்திருந்தால், கணினி தானாகவே வேகத்தைக் காக்கும் முறைக்குத் திரும்பியிருக்கும். ஒன்று அணைக்கப்பட்டது, மற்றொன்று அணைக்கப்படாமல் நின்றது. பழைய விமானங்களில் கணினி விசையைக் குறைக்கும்போது திராட்டில் பிடிகளும் பின்னோக்கி நகர்ந்து விமானியின் உள்ளங்கைக்குச் செய்தி சொல்லும். ஏ320-இலோ அவை அசைவற்று ஒரே இடத்தில் நிற்க, செய்தி திரையில் சில எழுத்துகளாக மட்டுமே நிற்கும். மணிக்கு ஏறத்தாழ 245 கிலோமீட்டராக இருக்க வேண்டிய வேகம் 200-க்கும் கீழே சரிந்த பின்னரே ஆபத்து உணரப்பட்டது. முழு விசை கேட்கப்பட்டது. ஆயினும் ஐடிலில் கிடக்கும் ஜெட் என்ஜின் முழு வேகம் எடுக்கப் பல விநாடிகள் ஆகும். அத்தனை விநாடிக்கு வேண்டிய உயரம் கைவசம் இல்லை.

குறைந்துவரும் வேகத்தைக் கவனிக்கத் தவறினர் என்று விமானிகள்மேல் பழி விழுந்தது. அது மெய்தான், ஆனால் முழு மெய்யன்று என்பது என் துணிபு. இருவரும் மடிந்துவிட்டபடியால் பழியை அவர்கள்மேல் இறக்கி வைப்பது எளிது. அப்பலகையை அவ்விதம் வகுத்தவர்களை நோக்கியும் வினா எழ வேண்டாமா? 1992 ஜனவரி 20-ஆம் தேதி பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே மற்றொரு ஏ320 மலையில் மோதி 87 உயிர்களைப் பலிகொண்டது. இறங்கும் கோணமாக 3.3 பாகை என்று எண்ணி இட்ட எண்ணை, நிமிஷத்துக்கு 3,300 அடி என்று யந்திரம் கொண்டிருக்கலாம் எனப் புலனாய்வாளர் கருதினர். அவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றாதபடி இறங்கும் விகிதத்தை நான்கு இலக்கங்களில் காட்டும் மாற்றம் அதன் பிறகே வந்தது.