தேசிங்கு கதையில் வில்லன் யார்?

கதை கேட்கும் ஜனங்கள் கதை சொல்பவனுக்கு அடங்கி நடப்பவர்கள் அல்லர். நாயகன் மடிந்தால், அவன் ஏன் மடிய வேண்டும் என்று வழக்குத் தொடுப்பார்கள். கெட்டவன் தப்பினால் கொதிப்பார்கள். நல்லவள் கெட்டவளாக மாறினால் ஆசிரியனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார்கள். கதையைத் தங்கள் சொத்தாகப் பாவிப்பவர்களே இவ்வாறு சண்டையிடுவார்கள் ஆதலால், இது இகழத்தக்க குணம் அன்று.

2019ஆம் ஆண்டில் உலகெங்கும் நடந்த ஒரு வழக்கை வாசகர் பலர் அறிவர். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் எட்டுப் பருவங்கள் ஓடி அவ்வாண்டு மே மாதத்தில் முடிந்தது. அடிமைகளின் விலங்கை அறுத்தவள் என்று ரசிகர்கள் கொண்டாடிய அரசி, சரணடைந்துவிட்ட நகரத்தைத் தீக்கிரையாக்கினாள். கடைசிப் பருவத்தை வேறு விதமாக எழுதி மீண்டும் எடுக்க வேண்டும் என்ற விண்ணப்பத்தில் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் கையொப்பமிட்டனர். எடுத்தவர்கள் அசையவில்லை. அவள் கெட்டவளா, கெடுக்கப்பட்டவளா என்ற விவாதம் மட்டும் ஓயவில்லை.

இத்தகைய வழக்கு மேனாட்டுக்கே உரியது என்று நாம் எண்ண வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையின் நிழலில் முந்நூறு ஆண்டுகளாக இப்படி ஒரு வழக்கு நடந்து வருகிறது. ராஜா தேசிங்கின் முடிவு எத்தகையது, அவன் கதையில் வில்லன் யார் என்பதே அந்த வழக்கு.

சரித்திரம் கூறுவது

சரித்திரம் கூறுவது சிறிது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய செஞ்சியை, நெடுநாள் முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயப் படை பிடித்தது. பின்னர் ஔரங்கசீப் பாதுஷா, பந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரரான சொரூப் சிங்கிடம் கோட்டையை ஒப்படைத்தார். 1714இல் சொரூப் சிங் காலமானார். அவருடைய இளங்குமாரன் தேஜ் சிங், தந்தைக்குக் கிடைத்த பாதுஷாவின் பர்மானைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டை தனதே என்றான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோ, புதிய பாதுஷாவின் அனுமதி வேண்டும், பழைய கப்பப் பாக்கியும் செலுத்தப்பட வேண்டும் என்றார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1714 அக்டோபர் 3ஆம் தேதி நடந்த யுத்தத்தில் தேஜ் சிங் மாண்டான். தமிழ்நாட்டார் நாவில் அவனே தேசிங்கு.

பத்து மாதங்கூட ஆளாத ஒரு வாலிபன் அவன். தமிழ் அவனுடைய தாய்மொழி அன்று. இந்த மண்ணிலும் அவன் பிறக்கவில்லை. அதே கோட்டையை எத்தனையோ பேர் நெடுங்காலம் ஆண்டிருக்க, மலை ஏறுபவன் நினைப்பது அவனைத்தான். அவனை நாயகனாக்கியது அவனுடைய ஆட்சி அன்று, மரணமே. ஆகவே அவன் கதையின் முடிவைப் பற்றிய சண்டை கதையின் உயிர்நிலையைப் பற்றிய சண்டையாகும்.

இரண்டு முடிவுகள்

போர்க்களத்தில் பகைவர் கையால் தேசிங்கு வீழ்ந்தான் என்பது சரித்திர ஆசிரியர் கூற்று. கதைப்பாடலோ இதை ஒப்பவில்லை. திண்ணையிலும் களத்துமேட்டிலும் பாடப்பட்டு, பின்னர் பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைதோறும் விற்ற அந்தக் கதையில், தேசிங்கைக் கொல்லத் தகுந்த வீரன் எதிரிப் படையில் ஒருவனும் இல்லை. அவனுடைய உயிர்த்தோழன் மகபத் கான் மணக்கோலத்தில் இருக்கையில் போர்ச்செய்தி வருகிறது. கல்யாணத்தை விட்டுக் குதிரை ஏறி வந்த அவன் களத்தில் மடிகிறான். தோழனை இழந்த தேசிங்கு, தன் வாளை வானில் எறிந்து, கீழே வரும் அதைத் தன் மார்பிலேயே ஏற்று உயிர்விடுகிறான்.

இவ்விரு முடிவுகளில் எது மேலானது என்று கேட்டால் ஊரே இரண்டு கட்சியாகப் பிரியும். போரில் எதிரியின் ஆயுதத்தால் விழுவதே வீரனுக்கு அழகு, தன்னைத் தானே மாய்த்துக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொண்டதாகும் என்பது ஒரு கட்சி. தோழன் போனபின் உயிர் எதற்கு, எதிரிக்கு அந்தப் பெருமையையும் ஏன் கொடுக்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. மூன்றாவது கட்சியும் உண்டு. போருக்குப் புறப்படுமுன் சிங்கவரம் மலைக்குகையில் பள்ளிகொண்ட அரங்கநாதரிடம் தேசிங்கு விடை கேட்டான் என்றும், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அதை மதியாமல் சென்றதால் அழிந்தான் என்றும் ஐதிகம் கூறுகிறது. இக்கட்சியார் சொல்லின்படி, வேறு எவரையும் தேடவேண்டியதில்லை. வாலிபனின் பிடிவாதமே வில்லன்.

பிடிக்காத முடிவை மாற்றிவிடும் ஆசையும் புதிதன்று. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் நாடகத்தில் நல்ல மகள் இறப்பதைப் பொறாத நாஹும் டேட் என்பவர், 1681இல் அவளைப் பிழைக்கவைத்து மணமும் முடித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆங்கில மேடையில் அந்த இனிப்பு முடிவே செல்வாக்குடன் விளங்கியது. நம் கம்பரும் பட்டாபிஷேகத்தோடு தம் காவியத்தை நிறுத்திக்கொண்டார். சீதை மீண்டும் காட்டுக்குப் போகும் உத்தர காண்டம் அவர் பாடியதன்று. நிறுத்துவது வேறு, திருத்துவது வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

தேசிங்கு கதையைத் திரையிட்டவர்களுக்கும் இச்சங்கடம் நேர்ந்தது. 1960இல் லேனா செட்டியாரின் கிருஷ்ணா பிக்சர்ஸ், டி. ஆர். ரகுநாத்தின் டைரக்ஷனில் ‘ராஜா தேசிங்கு’ படத்தை வெளியிட்டது. எம். ஜி. ஆர். இரட்டை வேடத்தில் தேசிங்காகவும் தாவூத் கானாகவும் நடித்தார். பானுமதி, பத்மினி, எஸ். எஸ். ராஜேந்திரன் முதலியோரும் நடித்த அந்தப் படம் எதிர்பார்த்த வெற்றியை அடையவில்லை. எம். ஜி. ஆர். சாகும் முடிவை அவருடைய ரசிகர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம் என்று சொல்வதுண்டு. அது எவ்வாறாயினும், இந்துவாகவும் முஸ்லிமாகவும் வந்த இருவருக்கும் ஒரே முகம் இருந்தது என்ற ஒரு விஷயம் சிந்திக்கத்தக்கது. படம் எடுத்தவர்கள் கருதிச் செய்தார்களோ இல்லையோ, கதையின் உட்கருத்து அதில் வெளிப்பட்டுவிட்டது.

வில்லனைத் தேடுவோர்

இனி வில்லனைப் பார்ப்போம். “முஸ்லிம் நவாப் இந்து ராஜாவைக் கொன்றான்” என்று இக்கதையை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது எளிது. கேட்பதற்குச் சுருக்கமாகவும் இருக்கும், கோபத்துக்குத் தீனியாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் சரித்திரத்துக்கும் துரோகம், கதைப்பாடலுக்கும் துரோகம்.

தேசிங்கு எந்த உரிமையை நம்பி வாளெடுத்தான்? ஔரங்கசீப் கொடுத்த பர்மானை நம்பி. அவனுக்காக மணப்பந்தலை விட்டு வந்து உயிர் கொடுத்தவன் யார்? மகபத் கான். செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் அந்தத் தோழனுக்கும், தேசிங்கின் குதிரைக்கும் சமாதிகள் உள்ளன. வென்ற நவாபோ, விழுந்த வாலிபனின் உடலை உரிய மரியாதையுடன் தகனம் செய்வித்தார். கோட்டைக்குள் செட்டிகுளத்தின் கரையில் தேசிங்கின் சிதை எரிந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அவனுடன் உடன்கட்டை ஏறிய இராணியின் நினைவாக நவாபே இராணிப்பேட்டைக்குப் பெயரிட்டார் என்பது வழங்கிவரும் செய்தி. பகைவன் மனைவியின் பெயரால் ஊர் எழுப்பியவனை முழு வில்லனாக்க ஜனங்களின் மனம் இடங்கொடுக்கவில்லை என்பதற்கு, அந்தச் செய்தி வழங்கிவருவதே சான்று.

ஆயின் குற்றம் யார் மேல்? 1707இல் ஔரங்கசீப் மறைந்தபின் டில்லியின் பிடி தளர்ந்தது. ஒரே கோட்டையின் மேல் இரண்டு பேர் உரிமை கொண்டாடினர், இருவர் வாதத்திலும் பாதுஷாவின் பெயரே பேசப்பட்டது. தீர்த்துவைக்கும் பெரியவன் இல்லாத இடத்தில், கணக்கு வழக்கு யுத்தமாயிற்று. இந்த வில்லனுக்கு மீசையும் இல்லை, உடைவாளும் இல்லை. ஆதலால்தான் கூத்துக்கும் சினிமாவுக்கும் இவன் உதவுவதில்லை.

படுகளத்தின் பாடம்

வில்லனை எவ்வாறு நடத்துவது என்பதைச் செஞ்சி வட்டாரத்து ஜனங்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. பழைய செஞ்சியாகிய மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலே அவ்வழிபாட்டின் மூலஸ்தானம் என்று கருதப்படுவது. இவ்வட்டாரத்து ஊர்களில் பாரதத் திருவிழாவின் இறுதியில், இரவெல்லாம் பதினெட்டாம் போர் கூத்து நடந்தபின், விடிந்ததும் படுகளம் நிகழும். மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையைப் பிளப்பான். திரௌபதி தன் சபதத்தை முடித்துக் கூந்தலை முடிவாள். வில்லன் ஒழிந்தான் என்று ஜனங்கள் ஆரவாரித்துக் கலைந்துவிடுவதில்லை. மாண்டவனுக்காக ஒப்பாரி எழும். அந்த மண்ணுருவத்தில் ஒரு பிடி எடுத்து, விளைவு பெருகும் என்று வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு.

அதர்மம் தோற்க வேண்டும் என்பதில் இந்த ஜனங்களுக்கு ஐயமில்லை. தோற்றவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. அதே திரௌபதியின் சந்நிதியில் காவல் நிற்கும் முத்தால ராவுத்தர் ஒரு முஸ்லிம் வீரர். தேசிங்குக்கு மகபத் கானைப் போல, அம்மனுக்கு அவர். இத்தகைய மண்ணில் பிறந்த கதைக்கு மதத்தின் பெயரால் வில்லனைத் தேடுவது, வீட்டுக்காரனிடம் வந்து வீட்டின் வாசல் வேறு பக்கம் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

2025 ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை, மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. ராஜகிரியின் படிகளில் ஏறும் அயலார்க்கு நாம் எந்தக் கதையைச் சொல்லப் போகிறோம்? சிவாஜி, மொகலாயர், பந்தேலர், ஆர்க்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என இத்தனை கைகள் மாறிய கோட்டையை எந்த ஒரு கட்சியின் வெற்றித் தூணாகவும் காட்ட முடியாது.

தேசிங்கு பகைவர் கையால் இறந்தானா, தன் கையால் இறந்தானா என்று வழக்காடுவோர் தாராளமாக வழக்காடட்டும்; கதை உயிரோடிருக்க அது நல்லது. ஆனால் செட்டிகுளத்தின் கரையைக் காட்டுகிறவர்கள் நீலாம்பூண்டியையும் காட்ட வேண்டும். தோழனின் சமாதியைப் பாராதவன் தேசிங்கின் கதையைப் பாதியே கேட்டவனாவான். பாதிக் கதை கேட்டவனுக்கு வில்லன் எளிதில் அகப்படுவான். முழுக் கதை கேட்டவனுக்கோ, இழந்த இரண்டு வாலிபர்களை எண்ணிக் கண் கலங்கும்.