அந்தமான் செல்வோர் கவனத்திற்கு

அந்தமான் பயணத்தில் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஹேவ்லாக் என்று முன்னர் அழைக்கப்பட்ட சுவராஜ் தீவில் கடைசி இரவைக் கழித்துவிட்டு, மறுநாள் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) விமானம் ஏற எண்ணுவார்கள். இடையிலுள்ள கடலைக் கப்பலில்தான் கடக்க வேண்டும்; கடல் கொந்தளித்தால் கப்பல் புறப்படாது. விமானம் தவறினால் பயணச்சீட்டுத் தொகையும் போய்விடும். ஆகவே, முதல் நாளே திரும்பிவிடுவது நல்லது. மே முதல் நவம்பர் வரையிலான மழைக்காலத்தில் இது மிகவும் அவசியம்.

பணத்திற்கும் இதே முன்யோசனை தேவை. 2020இல் சென்னையிலிருந்து கடலடி வடம் அமைக்கப்பட்ட பின் இணைய வசதி மேம்பட்டுள்ளது. எனினும் சிறு தீவுகளில் ஏடிஎம்கள் மிகச் சிலவே; இணைப்பு துண்டிக்கப்பட்டால் யுபிஐயும் உதவாது. இரண்டு நாள் உணவு, தங்குமிடம், கப்பல் கட்டணம் ஆகியவற்றுக்கான ரொக்கத்தை ஸ்ரீ விஜயபுரத்திலேயே எடுத்து, இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். மிஞ்சுவதை ஊர் திரும்பியதும் கணக்கில் செலுத்திவிடலாம்.

குளிர்காலத்தில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். எனவே அதிகாலையிலேயே புறப்படுங்கள். கரையில் கிடக்கும் பவளத்துண்டை எடுத்து வருவதும், ஜாரவா பழங்குடியினரைப் படம் பிடிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.